சிரிக்க வைத்தே வாதாடிய பெண்கள்: பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

பண்டைய கிரேக்க நகைச்சுவை நாடகம் என்று எதைச் சொல்கிறோம்?

பெரும்பாலும் ஏதென்ஸ் நகரத்தின் நாடகங்களைத்தான். மதுக் கடவுளான டயோனிசஸின் விழாக்களில், நாடகாசிரியர்கள் போட்டி போட்டுக்கொண்டு மேடையேற்றிய நாடகங்கள் அவை. கி.மு. 486-ல் பெரிய டயோனிசியா விழாவில் நகைச்சுவைக்கும் தனிப் போட்டி வைத்தார்கள். பிறகு, குளிர்காலத்தில் நடக்கும் லெனாயா என்ற விழாவிலும் அது நுழைந்தது. நிறையப் பேர் எழுதினார்கள். ஆனால் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து முழுதாக நம் கைக்கு வந்திருக்கும் நகைச்சுவைகள் அரிஸ்டோஃபனீஸ் என்ற ஒருவருடையவை மட்டுமே. அவர் ஏறக்குறைய 40 நாடகங்கள் எழுதினார். மிஞ்சியவை 11. அவற்றில் மூன்று நாடகங்களைப் பெண்கள்தான் நடத்திச் செல்கிறார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலும் அந்த மூன்றைப் பற்றியது.

பெண் பாத்திரங்களில் பெண்கள் நடித்தார்களா?

இல்லை. எழுதியவர், நடித்தவர்கள், பாடியவர்கள் எல்லாருமே ஆண்கள். முகமூடி போட்டு, உடம்புக்குப் பஞ்சு திணித்து வருவார்கள். நகைச்சுவை நாடகத்தில் கோரஸ் என்ற பாடகர் குழுவுக்கு 24 பேர். ஆண் பாத்திரங்கள் தோலால் செய்த பெரிய ஆண்குறியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவது வழக்கமான உடை. பச்சையான பேச்சு இந்த நாடகங்களில் ஏராளம். அதை அரங்கில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, அது விழாவின் ஒரு பகுதி.

அன்றைய ஏதென்ஸில் பெண்களுக்கு என்ன உரிமை இருந்தது?

வாக்குரிமை இல்லை. பொதுச்சபையில் உட்காரவோ பேசவோ முடியாது. தகப்பன், கணவன், மகன் என யாராவது ஓர் ஆண் சட்டப்படி அவளுக்குப் பொறுப்பாளி. ஒரு மூட்டை வாற்கோதுமையின் விலைக்கு மேல் அவளாக எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாது. மதிப்பான குடும்பத்துப் பெண்ணின் பெயரைப் பொது இடத்தில் ஓர் அந்நிய ஆண் சொல்வதுகூட நாகரிகம் இல்லை என்று நினைத்தார்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் அவள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஒன்று வழிபாடு. நகரத்தின் காவல் தெய்வமான அதீனாவுக்குப் பூசை செய்தவள் ஒரு பெண்தான். இன்னொன்று வீடு. தானியம், எண்ணெய், கம்பளி எல்லாம் அவள் கணக்கில்தான் இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரிஸ்டோஃபனீஸின் பெண்கள் ஆண்களோடு வாதாடும்போது இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் பலம் எடுத்துக்கொள்கிறார்கள்.

‘லைசிஸ்ட்ராட்டா’வின் கதை என்ன?

கி.மு. 411. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் இருபது ஆண்டுகளாக விட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டு வருடம் முன்புதான் சிசிலிக்குப் போன ஏதென்ஸின் பெரும்படை அப்படியே அழிந்திருந்தது. ஊரில் துக்கம் இல்லாத வீடு குறைவு. அந்த நேரத்தில் இந்த நாடகம் வருகிறது.

லைசிஸ்ட்ராட்டா என்ற ஏதென்ஸ் பெண், எதிரி ஊரான ஸ்பார்ட்டாவின் லாம்பிட்டோ உட்பட பல ஊர்ப் பெண்களைக் கூட்டி ஒரு யோசனை சொல்கிறாள். ஆண்கள் சமாதானம் செய்கிற வரை யாரும் கணவனோடு படுக்கக் கூடாது. பெண்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நெருப்பில் நடக்கச் சொன்னாலும் நடக்கிறேன், இது மட்டும் வேண்டாம் என்கிறாள் கலோனிக்கி. கடைசியில் எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். அதே வேளையில் வயதான பெண்கள் அதீனாவின் கோயில் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்றைக் கைப்பற்றிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நாடகத்தின் முடிவில் ஆண்கள் தாங்க முடியாமல் சமாதானத்துக்கு வருகிறார்கள்.

ஆண்கள் போர்முனையில் இருக்கும்போது வீட்டில் மனைவி மறுத்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. நாடகத்துக்குள்ளேயே கலோனிக்கி, தன் கணவன் ஐந்து மாதமாக ஊரில் இல்லை என்கிறாள். அடிமைப் பெண்கள், பரத்தையர் என்று அன்றைய ஏதென்ஸ் ஆணுக்கு இருந்த மற்ற வழிகளைப் பற்றியும் நாடகம் மூச்சுவிடுவதில்லை. நகைச்சுவை தனக்கு வேண்டாததை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறது.

ஆனால் படுக்கை மறுப்பு திட்டத்தில் பாதிதான். மறு பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அக்ரோபோலிஸில்தான் நகரத்தின் கஜானா இருந்தது. போர் தொடங்கிய கி.மு. 431-ல், அவசரத்துக்கு என்று ஆயிரம் டாலண்ட் (அன்றைய பெரிய எடை அளவு) வெள்ளியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். சிசிலித் தோல்விக்குப் பிறகு அதிலும் கை வைக்க வேண்டியதாயிற்று. நாடகத்தில் வரும் அரசு அதிகாரி எதற்கு அக்ரோபோலிஸுக்கு வருகிறான் தெரியுமா? கப்பல் துடுப்புகளுக்கு மரம் வாங்கப் பணம் எடுக்க. கதவு திறக்கவில்லை. பணம் இல்லையென்றால் துடுப்பு இல்லை, துடுப்பு இல்லையென்றால் கடற்படை இல்லை. இது கற்பனை வேடிக்கை இல்லை, ஏதென்ஸின் போர் எப்படி நடந்தது என்பதன் சரியான கணக்கு.

அப்படியானால் சிரிப்பு யாரைப் பார்த்து?

முதலில் பெண்களைப் பார்த்துத்தான். பெண்கள் குடிகாரிகள், காமம் மிகுந்தவர்கள், ரகசியம் காக்கத் தெரியாதவர்கள் என்பவை ஏதென்ஸ் ஆண்கள் வழக்கமாகச் சொல்லிச் சிரித்த விஷயங்கள். அரிஸ்டோஃபனீஸ் அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்கிறார். சத்தியம் செய்ய வேண்டும், எதன் மேல் செய்வது? வீரர்கள் கேடயத்தின் மேல் ஆட்டை அறுத்துச் சத்தியம் செய்வார்கள். சமாதானத்துக்கான சத்தியத்தைக் கேடயத்தின் மேலா செய்வது என்று கேள்வி வருகிறது. அப்புறம் ஒரு பெரிய கிண்ணத்தை நிமிர்த்தி வைத்து, தாசோஸ் தீவின் மது ஜாடியை ‘அறுத்து’, அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். ரத்தம் நல்ல நிறமாக இருக்கிறது என்று ஒருத்தி மெச்சுகிறாள்.

சில நாளில் பெண்களே வீட்டுக்கு ஓடப் பார்க்கிறார்கள். வீட்டில் கம்பளியைப் பூச்சி அரிக்கிறது என்கிறாள் ஒருத்தி. நார் உரிக்காமல் கிடக்கிறது என்கிறாள் இன்னொருத்தி. மூன்றாமவள் பிரசவ வலி என்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். தட்டிப் பார்த்தால் உள்ளே அதீனாவின் வெண்கலத் தலைக்கவசம்! நேற்றுவரை வயிறே இல்லையே என்கிறாள் லைசிஸ்ட்ராட்டா.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சிரிப்பு எதுவும் லைசிஸ்ட்ராட்டாவைத் தொடுவதில்லை. அவளுடைய கணவனை நாம் பார்ப்பதே இல்லை. அவள் தடுமாறுவதில்லை, ஏங்கி நிற்பதில்லை. சுற்றிலும் எல்லாரும் விழுந்து எழுந்துகொண்டிருக்க, அவள் ஒருத்தி நிமிர்ந்து நிற்கிறாள். கிரேக்க நகைச்சுவையில் கதாநாயகனே பெரும்பாலும் கோமாளி. அந்த வழக்கத்தை ஒரு பெண்ணுக்காக மாற்றியிருக்கிறார் அரிஸ்டோஃபனீஸ். எனக்கு அது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நாடகத்தில் தவறவிடக் கூடாத காட்சி எது?

மிரினி தன் கணவன் கினேசியாஸை ஏமாற்றும் காட்சியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அவன் ஆறு நாளாகக் குளிக்காத, பால் குடிக்காத குழந்தையைக் காட்டி அவளைக் கீழே இறக்குகிறான். அவளோ இணங்குவதுபோல் நடித்து, கட்டில் கொண்டுவருகிறேன், மெத்தை, தலையணை, போர்வை, வாசனைத் தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவரப் போகிறாள். தைலம் சரியில்லை என்று இன்னொன்று கொண்டுவருகிறாள். கடைசியில் ஓடியே போய்விடுகிறாள். மேடையில் பார்த்தால் வயிறு வலிக்கும்.

நான் சொல்வது வேறு காட்சி: அதிகாரியும் லைசிஸ்ட்ராட்டாவும் நேருக்கு நேர் பேசும் இடம். சிசிலித் தோல்விக்குப் பின் ஊரை நடத்த நியமித்த பத்து முதியவர்களில் ஒருவன் அந்த அதிகாரி. வந்ததும் காவலர்களை ஏவுகிறான். லைசிஸ்ட்ராட்டா உள்ளே பார்த்துக் கூப்பிடுகிறாள்: பயறும் கீரையும் விற்கும் சந்தைக்காரிகளே, பூண்டும் ரொட்டியும் விற்கும் சத்திரக்காரிகளே, வெளியே வாருங்கள்! கிரேக்கத்தில் இது வாய் கொள்ளாத இரண்டே நீளச் சொற்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு, அடுத்த நிமிடம் காவலர்கள் அடி வாங்கி ஓட்டம்.

அதன்பின் அவள் சொல்வதில் சிரிப்பு மெல்ல அடங்குகிறது. வீட்டுக்குள் இருந்தபடியே உங்கள் மோசமான முடிவுகளைக் கேட்டோம். மனதில் வேதனை, முகத்தில் புன்னகை. “இன்று சபையில் சமாதானம் பற்றி என்ன முடிவானது?” என்று கேட்டோம். “உனக்கு எதற்கு அது? வாயை மூடு” என்றான் கணவன். வாயை மூடிக்கொண்டேன். அடுத்த முறை இன்னும் மோசமான முடிவு. இப்படியா முட்டாள்தனமாகச் செய்வது என்று கேட்டேன். நூலை நூற்காவிட்டால் மண்டை உடையும், போர் ஆண்களின் வேலை என்றான்.

கடைசி வரி ஹோமரின் இலியட்டில் ஹெக்டர் தன் மனைவியிடம் சொல்லும் வரி. அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். லைசிஸ்ட்ராட்டா அதை எடுத்துத் திருப்பிப் போடுகிறாள்: இனி போர் பெண்களின் வேலை. தன் முக்காட்டை அதிகாரியின் தலையில் போட்டு, கம்பளிக் கூடையைக் கையில் கொடுத்து உட்காரச் சொல்கிறாள்.

சரி, நகரத்தை எப்படி நடத்துவாய் என்று அவன் கேட்கிறான். கம்பளி வேலை செய்வதுபோல என்கிறாள். முதலில் ரோமத்தை அலசி அழுக்கைப் போக்க வேண்டும், ஒட்டிக்கொண்ட முட்களை அடித்து உதிர்க்க வேண்டும். பதவிக்காகக் கூட்டமாகத் திரண்டு முடிச்சுப் போட்டுக்கொள்கிறவர்களைச் சிக்கெடுத்துத் தலையைக் கிள்ள வேண்டும். அப்புறம் உள்ளூரில் குடியேறியவர்கள், நண்பர்கள், தூரத்து ஊர்களில் சிதறிக் கிடக்கும் நம்மவர்கள் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு, ஒரே பெரிய உருண்டையாக நூற்று, மக்களுக்கு ஒரு மேலாடை நெய்ய வேண்டும்.

போரில் உங்களுக்கு என்ன பங்கு என்று அதிகாரி சீறும்போது அவள் சொல்லும் பதில் இன்றும் கனக்கிறது. உங்களைவிட இரண்டு மடங்கு சுமக்கிறோம், பிள்ளைகளைப் பெற்றுப் போர்வீரர்களாக அனுப்புகிறோம்… அவன் குறுக்கிட்டு, வாயை மூடு, பழைய துக்கத்தைக் கிளறாதே என்கிறான். ஒரே ஒரு வரிக்கு நாடகம் சிரிப்பை நிறுத்துகிறது. அடுத்து அவள் கல்யாணமாகாமல் அறைக்குள் வயதாகும் பெண்களைப் பற்றிப் பேசுகிறாள். ஆண்களுக்கும் வயதாகுமே என்கிறான். நரைத்துப்போய் வந்தாலும் அவனுக்கு உடனே ஒரு சின்னப் பெண் கிடைப்பாள், பெண்ணின் காலமோ சிறியது என்கிறாள் அவள். அடுத்த கணம் அந்த அதிகாரிக்கே பிணத்துக்குச் செய்வதுபோல மாலை போட்டு அனுப்பிவிடுகிறார்கள், சிரிப்பு திரும்பி வருகிறது.

லைசிஸ்ட்ராட்டா உண்மையில் இருந்த பெண்ணா?

கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அதீனாவின் பூசாரியாக லைசிமாக்கி என்ற பெண் இருந்தார். 64 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர். லைசிமாக்கி என்றால் ‘சண்டையைக் கலைப்பவள்’, லைசிஸ்ட்ராட்டா என்றால் ‘படையைக் கலைப்பவள்’. பூசாரி இருக்கும் குன்றையே கதாநாயகி பிடித்துக்கொள்கிறாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரங்கில் இருந்தவர்கள் அந்தப் பெயரை நினைத்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே தோன்றுகிறது.

யூரிபிடீஸுக்கும் பெண்களுக்கும் என்ன சண்டை?

அது அதே கி.மு. 411-ல் வந்த, அரிஸ்டோஃபனீஸின் இன்னொரு நாடகத்தின் கதை. தெஸ்மோஃபோரியா என்பது டெமீட்டர், பெர்செஃபனி என்ற தாய் மகள் தெய்வங்களுக்குப் பெண்கள் மட்டும் மூன்று நாள் எடுத்த விழா. ஆண்களுக்கு அனுமதி இல்லை. துன்பியல் ஆசிரியர் யூரிபிடீஸ் தன் நாடகங்களில் பெண்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிறார் என்று அந்த விழாவில் பெண்கள் கூடி அவருக்குத் தண்டனை தரப்போகிறார்கள். பயந்துபோன யூரிபிடீஸ் தன் வயதான உறவுக்காரனுக்குச் சவரம் செய்து, பின்புறத்து முடியைத் தீயால் பொசுக்கி, பெண் வேடத்தில் வேவு பார்க்க அனுப்புகிறார்.

குற்றம் சாட்ட எழும் பெண்களில் ஒரு விதவை உண்டு. கணவன் சைப்ரஸில் இறந்துவிட்டான், ஐந்து சின்னக் குழந்தைகள். சந்தையில் பூமாலை கட்டி விற்று எப்படியோ காப்பாற்றினேன், இந்த ஆள் கடவுளே இல்லை என்று நாடகத்தில் சொல்லி ஊரை நம்பவைத்துவிட்டான், இப்போது பாதி மாலைகூட விற்பதில்லை என்கிறாள். பேசி முடித்ததும், இருபது மாலைக்குச் சொல்லியிருக்கிறார்கள், கட்ட வேண்டும் என்று கிளம்பிவிடுகிறாள். நகைச்சுவைதான், ஆனாலும் ஒரு பிழைப்பின் முழுச் சித்திரம் பத்துப் பதினைந்து வரிகளில் வந்துவிடுகிறது.

வேடக்காரன் மாட்டிக்கொண்டதும் ஒரு பெண்ணின் கைக்குழந்தையைப் பிடுங்கிப் பணயம் வைக்கிறான். துணியைப் பிரித்தால் அது மது நிரம்பிய தோல்பை, காலில் பாரசீகச் செருப்பு வேறு! பின்பு கோரஸ் பெண்கள் பார்வையாளர்களிடம் நேராகக் கேட்கிறார்கள்: நாங்கள் பீடை என்றால் எங்களை ஏன் கட்டிக்கொள்கிறீர்கள்? அந்தப் பீடை வெளியே போய்விடக் கூடாது என்று ஏன் காவல் காக்கிறீர்கள்? ஜன்னலில் தலை தெரிந்தால் ஏன் மறுபடி எட்டிப்பார்க்க மாட்டாளா என்று நிற்கிறீர்கள்? நாங்கள் நெசவுக் கட்டையையும் குடையையும் பத்திரமாக வைத்திருக்கிறோம், நீங்கள் கேடயத்தைப் போர்க்களத்தில் எறிந்துவிட்டு வந்தீர்கள் என்பது அடுத்த அடி.

‘சபைப் பெண்கள்’ நாடகத்தில் பெண்கள் ஆட்சியைப் பிடிப்பது எப்படி?

இது சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, ஏதென்ஸ் போரில் தோற்ற பிறகு எழுதியது. பிராக்ஸகோரா என்ற பெண் விடியும் முன் தோழிகளைக் கூட்டுகிறாள். ஒட்டுத் தாடி, கணவனின் மேலாடை, செருப்பு, கைத்தடியோடு ஒத்திகை நடக்கிறது. ஒருத்தி கம்பளியைக் கொண்டுவந்திருக்கிறாள், சபை நிரம்பும் வரை சும்மா இருப்பானேன் என்று. இன்னொருத்தி பேச்சின் நடுவே பெண்கள் மட்டுமே சொல்லும் “இரு தேவியர் மேல் ஆணை”யைச் சொல்லி மாட்டிக்கொள்கிறாள். பிராக்ஸகோராவுக்கு மட்டும் பேச்சு எப்படி வந்தது? போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, சபை கூடும் நிக்ஸ் குன்றின் பக்கத்தில் குடியிருந்தபோது பேச்சாளர்களைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

அவளுடைய வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்களிடம் ஏன் நகரத்தைக் கொடுக்க வேண்டும்? அவர்கள் எதையும் மாற்றுவதில்லை. முன்போலவே கம்பளியைச் சூடான தண்ணீரில் முக்குகிறார்கள், முன்போலவே உட்கார்ந்து வறுக்கிறார்கள், முன்போலவே தலையில் சுமக்கிறார்கள், முன்போலவே பணியாரம் சுடுகிறார்கள், முன்போலவே கணவனைப் படுத்துகிறார்கள். ‘முன்போலவே’ என்று ஒவ்வொரு வரியும் முடிய முடியச் சிரிப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் பதவிக்கு வந்ததும் அவள் செய்வது, எவரும் நினைத்தே பார்க்காத மாற்றம்! நிலம், பணம், சாப்பாடு எல்லாம் பொது, வழக்கு மன்றங்களெல்லாம் சாப்பாட்டுக் கூடங்கள்.

இதற்கிடையே அவள் கணவன் பிளெபிரஸ் மலச்சிக்கலோடு, தன் துணியைக் காணாமல் மனைவியின் மஞ்சள் ஆடையைச் சுற்றிக்கொண்டு தெருவில் நிற்கிறான். சபைக்குப் போகவில்லை, போகிறவர்களுக்குக் கிடைக்கும் மூன்று ஒபோல் காசுப் படியும் போய்விட்டது. செருப்புத் தைப்பவர்கள் மாதிரி வெளுத்த முகத்தோடு ஏராளமான பேர் சபையில் இருந்தார்கள் என்று சபையிலிருந்து திரும்பிய ஒருவன் வந்து சொல்கிறான்.

அந்தக் கிழவிகள் காட்சி இன்று உறுத்துகிறதே?

உறுத்துகிறது, உறுத்த வேண்டும். புதிய சட்டப்படி ஓர் இளைஞன் அழகியிடம் போகுமுன் வயதானவளிடம் போக வேண்டும். மூன்று கிழவிகள் ஒருவனைப் பிடித்து இழுக்கிறார்கள். முதுமையை அருவருப்பாகக் காட்டும் அந்த நகைச்சுவையை நான் ரசிப்பதில்லை.

தலைவிகள் தவிர, சாதாரணப் பெண்கள் வருகிறார்களா?

வருகிறார்கள், அவர்கள் அருமையானவர்கள். கி.மு. 422-ன் ‘குளவிகள்’ நாடகத்தில் குடிவெறியில் ஒரு கிழவன் ரொட்டிக்காரியின் தட்டைக் கவிழ்த்துவிடுகிறான். மிர்டியா என்ற அவள், தகப்பன் பெயர் தாய் பெயர் சொல்லி, நஷ்டம் இவ்வளவு என்று கணக்குச் சொல்லி, சாட்சியோடு அங்காடி அதிகாரிகளிடம் வழக்குப் போடுகிறேன் என்கிறாள். கி.மு. 405-ன் ‘தவளைகள்’ நாடகத்தில் பாதாளத்தில் ஒரு சத்திரக்காரி இருக்கிறாள். புராண வீரன் ஹெராக்ளீஸ் ஒருமுறை வந்து பதினாறு ரொட்டியும், இருபது துண்டு இறைச்சியும், பூண்டும், பாலாடைக்கட்டியைக் கூடையோடும் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் போய்விட்டானாம். அவன் வேடத்தில் வந்த டயோனிசஸ் கடவுளையே பிடித்துக்கொள்கிறாள். கடவுளானாலும் பாக்கி பாக்கிதான்.

அரிஸ்டோஃபனீஸைப் பெண்ணியவாதி என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அவர் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கவில்லை. பெண்கள் நாட்டை ஆள்வது என்பதே அவருடைய ஊருக்கு ஒரு தலைகீழ் உலகம், அதனால்தான் சிரிப்பு. ‘லைசிஸ்ட்ராட்டா’ முடிவில் சமாதானம் ஒரு நிர்வாணப் பெண்ணாக மேடைக்கு வருகிறது, ஆண்கள் அவள் உடம்பை நிலம்போலப் பங்கு போட்டுப் பேசுகிறார்கள். அதை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட முடியாது.

ஆனாலும் ஒரு கலைஞன் தான் நினைத்ததைவிட அதிகம் எழுதிவிடுவது உண்டு. பெண்ணைக் கேலி செய்ய ஆண்கள் வைத்திருந்த கம்பளிக் கூடையை அவர் ஒரு அரசியல் வாதமாக மாற்றினார். வீட்டுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோமே, கஜானாவையும் பார்த்துக்கொள்ள முடியாதா என்று லைசிஸ்ட்ராட்டா கேட்டபோது அதிகாரியிடம் ஒழுங்கான பதில் இல்லை. நாடகத்திலேயே இல்லை.

அரங்கில் பெண்கள் உட்கார்ந்து பார்த்தார்களா?

ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பிளேட்டோ, நாடகம் பார்க்கும் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெண்களையும் சேர்த்துச் சொல்கிறார். நான் அவர் பக்கம்.

அரிஸ்டோஃபனீஸுக்குப் பிறகு?

கி.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் மெனாண்டர் எழுதியது வேறு வகை. அரசியல் இல்லை, குடும்பம். பெண்களின் பிடிவாதம் இங்கே அமைதியானது. ஒரு நாடகத்தில் போலமோன் என்ற படைவீரன் பொறாமையில் கிளிசேராவின் கூந்தலை அறுத்துவிடுகிறான். அவள் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஆட்களைத் திரட்டி இழுத்துவரப் பார்க்கிறான். அவள் உன் சட்டப்படியான மனைவி இல்லை, கெஞ்சித்தான் கேட்க முடியும் என்று ஒரு பெரியவர் சொல்கிறார். இன்னொரு நாடகத்தில் ஹாப்ரோடோனோன் என்ற, கூலிக்கு யாழ் வாசிக்கும் அடிமைப் பெண், ஒரு மோதிரத்தை வைத்துக் கைவிடப்பட்ட குழந்தையின் தாய் தகப்பனைக் கண்டுபிடிக்கிறாள். அந்த வீட்டு மனைவி பாம்ஃபிலி, கணவனை விட்டு வா என்று வற்புறுத்தும் தகப்பனிடம் முடியாது என்கிறாள். கல்யாணத்துக்கு வெளியே உண்டான குழந்தையைப் பெற்றாள் என்று அவளை ஒதுக்கிய கணவன், மறைந்து நின்று இதைக் கேட்டு, தானும் அதே தவறைச் செய்தவன்தானே என்று வெட்கப்படுகிறான்.

நாடகத்தால் போர் நின்றதா?

இல்லை. ‘லைசிஸ்ட்ராட்டா’ வந்த சில மாதங்களிலேயே ஏதென்ஸில் மக்களாட்சியைக் கவிழ்த்து நானூறு பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். போர் கி.மு. 404 வரை ஓடி ஏதென்ஸின் தோல்வியில் முடிந்தது. 2003 மார்ச் 3 அன்று, இராக் போர் வேண்டாம் என்று 59 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ‘லைசிஸ்ட்ராட்டா’வை வாசித்தார்கள். அந்த மாதமே போர் தொடங்கியது.

எதில் தொடங்கலாம்?

‘லைசிஸ்ட்ராட்டா’வில் தொடங்குங்கள், முடிந்தால் தனியாகப் படிக்காமல் நான்கு பேராக வாய்விட்டு வாசியுங்கள். கிழவர் கோரஸுக்கும் கிழவியர் கோரஸுக்கும் குரல் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில், அத்தனை வசைக்கும் பிறகு, ஒரு கிழவி கிழவனின் கண்ணில் விழுந்த பூச்சியை எடுத்துவிட்டு, கண்ணீரைத் துடைத்து, அவன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு முத்தம் கொடுப்பாள். அந்த இடத்தை அவசரப்படாமல் வாசியுங்கள்.